கிறிஸ்துமஸ் பார்ட்டியில் குட்டிப் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தீர்கள், என்ன நடந்தது?

நிலாமுற்றம்:
சாண்டா தொப்பி எல்லோருக்கும் தெரியும். குச்சியில் ஒரு பச்சைத் திராட்சை, மேலே வாழைப்பழ வில்லை, அதன் மேல் கவிழ்த்த ஸ்ட்ராபெர்ரி, உச்சியில் குட்டி மார்ஷ்மெல்லோ. இருபது செய்து அடுக்கியிருந்தேன். வந்த பிள்ளைகளில் நான்கு வயதுக்காரி ஒருத்தி திராட்சையை மட்டும் உருவி வாயில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

அப்புறம் நின்றாள். இருமவில்லை, அழவில்லை, ஒரு சத்தமும் இல்லை. கண்கள் மட்டும் பெரிதாகின. நான் பாட்டு வைத்துக்கொண்டிருந்தேன், கவனிக்கவே இல்லை. அவள் அம்மாதான் பாய்ந்து வந்து, முன்னால் குனியவைத்து முதுகில் அறைந்தார். மூன்றாவது அறைக்குத் திராட்சை வெளியே வந்து தரையில் உருண்டது. முழுசாக. பல் பட்ட தடம்கூட இல்லை.

இரண்டு வருடமாகிவிட்டது. அது உருண்டு மேசைக்கால் பக்கம் போய் நின்றது இன்னும் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. புரை ஏறினால் சத்தம் வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

பஞ்சுமேகம்:
படிக்கும்போதே நெஞ்சு படபடத்தது. என்னுடையது இவ்வளவு பெரிய விஷயமில்லை, ஆனாலும் மனதை விட்டுப் போகவில்லை.

கீழே சிவப்பு, மேலே பச்சை என்று இரண்டு அடுக்கில் ஜெல்லி. சிவப்பு அடுக்கு அருமையாக உறைந்தது. பச்சைக்கு நிறப்பொடி வேண்டாம், பழமே போதும் என்று கிவியை அரைத்துச் சேர்த்தேன். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தது. பிள்ளைகள் சுற்றி நிற்க, அச்சைத் தட்டில் கவிழ்த்தேன். பச்சைத் தண்ணீர் மேசைவிரிப்பு முழுக்க ஓடியது. என் பையன் மெதுவாக, "மரம் உருகிடுச்சா அம்மா?" என்று கேட்டான். அவனிடம் மரம் வரும் என்று ஒரு வாரமாகச் சொல்லி வைத்திருந்தேன்.

சமைக்காத கிவி, அன்னாசி, பப்பாளி மூன்றிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. ஜெல்லியை உறையவைக்கும் ஜெலட்டின் புரதம்தானே, அதை உறையவே விடாது. பழத்தைக் கொதிக்க வைத்துச் சேர்த்தால் நொதி செயலிழந்துவிடும். டின்னில் வரும் அன்னாசி ஏற்கனவே சூடுபட்டது, அதனால் பிரச்சினை இல்லை. கடல்பாசியில் ஜெல்லி செய்தால் இந்தக் கவலையே வேண்டாம், அது புரதம் இல்லை.

தும்பைப்பூ:
நாங்கள் கலைமான் சாண்ட்விச் செய்தோம். முக்கோண பிரெட், பிரெட்ஸெல் (முறுக்கிய உப்பு பிஸ்கட்) கொம்பு, செர்ரித் தக்காளியில் பாதி மூக்கு. மூன்று வயது மகள் அதைச் சாப்பிடவே இல்லை. நாப்கினைப் போர்த்தி, "தூங்குது" என்றாள். அவள் அண்ணன் தன்னுடையதைக் கடித்ததும் வீடே அதிரும்படி அழுதாள். அதற்கப்புறம் அவளுக்கு முகம் வைத்த எதையும் நான் செய்வதில்லை, நட்சத்திரம், மரம், மணி மட்டும்தான்.

நிலாமுற்றம் சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. தவறு திராட்சையில் இல்லை. கூரான குச்சியைக் கொடுத்ததும் ஓடவிட்டதும்தான் தவறு. உட்காரவைத்துக் கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

கல்வாழை:
தும்பைப்பூ, இதை ஒப்புக்கொள்ள முடியாது. உட்காரவைப்பது கட்டாயம்தான், ஆனால் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் அடைக்கும். திராட்சை உருண்டை, வழவழப்பு, நசுங்கிக் கொடுக்கும். சின்ன மூச்சுக்குழாயில் தக்கை போலப் பொருந்திக்கொள்ளும். நன்றாக அரைத்து மெல்லும் பழக்கம் நான்கு வயது வரைக்கும் முழுதாக வருவதில்லை. ஐந்து வயது வரை திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் வட்டம் அப்படியே இருக்கும், பயனில்லை. செர்ரித் தக்காளிக்கும் இதேதான், பாதி போதாது. முந்திரி, பாதாம் போன்ற முழுப் பருப்புகள், பாப்கார்ன், கடினமான மிட்டாய்க் கைத்தடி மூன்றையும் இந்த வயதினர் மேசையில் வைக்கவே வேண்டாம். மார்ஷ்மெல்லோவும் ஒட்டிக்கொண்டு அடைக்கும், தொப்பி உச்சிக்கு ஒரு சொட்டு கிரீம் சீஸ் போதும். ஒரு வயது ஆகாத குழந்தை வந்தால் தேன் சேர்த்த எதுவும் கூடாது. கேக்கில் தூவும் மினுக்குத் தூளில் "நச்சற்றது" என்று மட்டும் போட்டிருந்தால் அது அலங்காரத்துக்கு, வயிற்றுக்கு இல்லை. "உண்ணத்தக்கது" என்று இருக்க வேண்டும்.

அடைத்துவிட்டால்: சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தம் நின்றால் குனியவைத்து, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே ஐந்து முறை அடியுங்கள். வரவில்லையென்றால், ஒரு வயதுக்கு மேல் என்றால் பின்னாலிருந்து அணைத்து வயிற்றை உள்ளேயும் மேலேயுமாக ஐந்து முறை அழுத்துங்கள். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே அவசர உதவியை அழைக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல்விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

என் கதை சின்னது. கடையில் வாங்கிய மாவில் நட்சத்திரக் குக்கீ செய்தேன். ஒரு குழந்தையின் அப்பா, "இதில் நிலக்கடலை இருக்கிறதா?" என்றார். உறையைத் தூக்கி எறிந்திருந்தேன், பதில் தெரியவில்லை. மற்ற எல்லோரும் சாப்பிட்டார்கள். அவன் காலித் தட்டைக் கையில் பிடித்தபடி, கேட்காமல், நின்றான். இப்போது ஒவ்வொரு தட்டின் பக்கத்திலும் சேர்த்ததை எல்லாம் எழுதி வைக்கிறேன், உறைகளைப் பார்ட்டி முடியும்வரை எறிவதில்லை.

தும்பைப்பூ:
தக்காளியைப் பாதியாகத்தான் வைத்தேன். சரி, இனி நான்காக வெட்டி, ஒரு துண்டை மூக்காக வைக்கிறேன். குச்சி விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை.

நிலாமுற்றம்:
குச்சியை நானும் விட்டுவிட்டேன். இந்த வருடம் வெள்ளரிக்காயை மெல்லிய நீள நாடாக்களாகச் சீவி, தட்டில் மடித்து மடித்து மரமாக அடுக்கப் போகிறேன், மேலே சீஸ் நட்சத்திரம். அந்தப் பெண்ணும் வருகிறாள், ஆறு வயது ஆகிவிட்டது. போன வாரம் அவள் அம்மாவிடம் போனில், "அந்த ஆன்ட்டி வீட்டுச் சிவப்புத் தொப்பி இருக்குமா?" என்று கேட்டாளாம். அவளுக்கு எதுவும் நினைவில்லை. ஸ்ட்ராபெர்ரியும் வாழைப்பழமும் மட்டும் வைத்து, குச்சி இல்லாமல் தட்டில் நிற்கவைக்கிற மாதிரி யாராவது செய்திருக்கிறீர்களா? எனக்கு ஸ்ட்ராபெர்ரி சரிந்துகொண்டே இருக்கிறது.