மேப் புரோட்டோடைப் உருவாகும்போதே என்ஜின் கிராஷ்: உதவி தேவை

ரோஸ்ஹில்_வாசி:
வணக்கம். ஓய்வு நேரத்தில் சி பிளஸ் பிளஸில் சின்னதாக ஒரு ஜாவாஸ்கிரிப்ட் என்ஜின் எழுதுகிறேன். மேப்பின் புரோட்டோடைப்புக்கு (எல்லா மேப்களும் பகிரும் மெத்தட்களை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) கெட், செட், ஹேஸ் எல்லாவற்றையும் அதன் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் ஃபங்ஷன்) மாட்டுகிறேன். பெரும்பாலும் ஓடிவிடும். எப்போதாவது ஆரம்பத்திலேயே செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவக முகவரியைத் தொட்டதால் வரும் கிராஷ்). டீபக்கரில் பார்த்தால் ஜிசி (பயன்படாத நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர்) இன்னும் தேவைப்படும் ஆப்ஜெக்ட்களை மார்க் செய்யும் இடத்தில் விழுகிறது, முகவரி குப்பை. ஹீப் (ஆப்ஜெக்ட்கள் இருக்கும் நினைவகம்) அளவைக் கூட்டினால் சரியாகிவிடுகிறது. புயல் எச்சரிக்கை மூன்றாம் நிலை, ஆபீஸ் இல்லை. கரண்ட் இருக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.

பழைய_கம்பைலர்:
சரியாகவில்லை தம்பி, ஜிசி ஓடுவதுதான் தள்ளிப்போகிறது. ஒவ்வொரு ஃபங்ஷனை மாட்டும்போதும் புது ஆப்ஜெக்டுக்கு நினைவகம் ஒதுக்குகிறாய், அங்கே ஜிசி கிளம்பலாம். அந்த நேரத்தில் மேப் புரோட்டோடைப்பை ரூட்டாக (ஜிசி தேட ஆரம்பிக்கும் இடமாக) யார் பிடித்திருக்கிறார்கள்? ஃபீல்டுகளில் என்ன இருக்கிறது?

ரோஸ்ஹில்_வாசி:
ஸ்டாக்கை கன்சர்வேட்டிவாக ஸ்கேன் செய்கிறேன் (முகவரி போலத் தெரிவதையெல்லாம் முகவரியாகவே எடுத்துக்கொள்வேன்), அதனால் ரூட் பிரச்சினை இல்லை. ஃபீல்டுகளை கன்ஸ்ட்ரக்டரின் கடைசியில் நிரப்புகிறேன். பேஸ் கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலும் கொஞ்சம் ஒதுக்கீடு நடக்கிறது.

பழைய_கம்பைலர்:
அதுதான் விஷயம். பேஸ் கன்ஸ்ட்ரக்டர் ஓடும்போது விர்ச்சுவல் அழைப்பு (ஆப்ஜெக்டின் வகையைப் பார்த்து ஃபங்ஷனைத் தேர்வது) பேஸ் கிளாஸுக்குத்தான் போகும். ஃபீல்டுகளை ஜிசிக்குக் காட்டும் உன் விசிட் ஃபங்ஷனை ஜிசி கூப்பிட்டால் மேப்பின் ஃபீல்டுகள் அதன் கண்ணிலேயே படாது. மேப்பின் கன்ஸ்ட்ரக்டருக்கு வந்தபிறகு நேர்மாறு: சரியான விசிட்தான் ஓடும், ஆனால் நிரப்பாத ஃபீல்டைப் படித்துவிட்டு அதில் கிடக்கும் முகவரியின் பின்னே ஓடும். உன் குப்பை முகவரி அங்கிருந்துதான்.

கன்ஸ்ட்ரக்டரில் எதையும் ஒதுக்காதே. ஃபீல்டுகளில் நல் (null), அன்டிஃபைன்ட் (undefined) என்ற வெற்று மதிப்புகளை வைத்துவிட்டு வெளியே வா. ஆப்ஜெக்ட் முழுதாக நின்றபிறகு தனி இனிஷியலைஸ் ஃபங்ஷனில் மற்றதை மாட்டு. சஃபாரியின் என்ஜினான ஜாவாஸ்கிரிப்ட்கோரில் ஃபினிஷ்கிரியேஷன் இருப்பது இதே வேலைக்குத்தான். லிப்ஜேஎஸ் என்ற இன்னொரு என்ஜினிலும் இனிஷியலைஸ் தனி.

எபேன்_இரவுநேரம்:
அண்ணா சொன்னதோடு வரிசையையும் பாருங்கள். ஆப்ஜெக்ட் கன்ஸ்ட்ரக்டரும் ஒரு ஃபங்ஷன்தான், அதற்கு ஃபங்ஷன் புரோட்டோடைப் வேண்டும். அதற்கோ ஆப்ஜெக்ட் புரோட்டோடைப் வேண்டும். அதனால் முதலில் இரண்டு புரோட்டோடைப்பையும் வெறுமையாக உருவாக்கி ரெல்மில் (உள்ளமைந்த ஆப்ஜெக்ட்களை வைத்திருக்கும் இடம்) போட்டுவிட்டு, அப்புறம் மெத்தட்களை மாட்டுங்கள். சோதிக்க ஒவ்வொரு ஒதுக்கீட்டிலும் ஜிசி ஓடும்படி ஒரு மோட் வையுங்கள். ஃபயர்ஃபாக்ஸின் என்ஜினான ஸ்பைடர்மங்கியில் அதற்கு ஜிசி ஜீல் என்று பெயர். ஆமை வேகம்தான், ஆனால் எப்போதாவது வரும் கிராஷ் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வரும்.

ரோஸ்ஹில்_வாசி:
பிரித்து எழுதி, அந்த மோடில் ஓட்டினேன். மேப் தாண்டிவிட்டது. இப்போது ப்ராமிஸில் விழுகிறது.

பழைய_கம்பைலர்:
அதன் கன்ஸ்ட்ரக்டரை இங்கே ஒட்டு.