கேப் டவுன் மின்ஸ்ட்ரல் பாடல்கள்: பழைய நிகழ்ச்சித் தாள் கிடைக்குமா?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். எரித்த தக்கையின் கரியை முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களைக் கேலி செய்து வெள்ளையர்கள் பாடியவைதான் மின்ஸ்ட்ரல் பாடல்கள். 1843-இல் நியூயார்க்கில் வர்ஜீனியா மின்ஸ்ட்ரல்ஸ் குழு அதை முழு நிகழ்ச்சியாகவே மேடையேற்றியது. 1862-இல் கிறிஸ்டி மின்ஸ்ட்ரல்ஸ் என்ற பெயரில் ஒரு குழு கேப் டவுனுக்கு வந்தது. அப்புறம் உள்ளூர் வெள்ளையர்களும் அமெச்சூர் குழு அமைத்து அதே பாணியில் பாடினார்கள். அடிமை முறை ஒழிந்து முப்பது வருடம்கூட ஆகாத ஊர் அது. நினைத்தாலே மனது கனக்கிறது.

அந்த அமெச்சூர் குழுக்கள் எந்தெந்தப் பாடல்களைப் பாடின, பார்க்க யாரெல்லாம் வந்தார்கள் என்று தேடுகிறேன். 1860, 70-களின் கேப் டவுன் செய்தித்தாள்களில் வந்த நாடக விளம்பரங்களைப் பார்க்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாட்டுப் பட்டியலோடு ஒரே ஒரு நிகழ்ச்சித் தாளின் படம் கிடைத்தாலும் போதும்.