4 ஜிபி ராம் லப்டொப், பைதன் படிக்கத் தொடங்குகிறேன்: எந்த எடிட்டர் போடலாம்?

கோண்டாவில் மாணவி:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். உயர்தரத்துக்கு ஐசிரி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) எடுத்திருக்கிறேன், பைதன் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. வீட்டில் இருப்பது அண்ணா பாவித்த பழைய லப்டொப், விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், எஸ்எஸ்டி இல்லை, சாதாரண ஹார்ட் டிஸ்க்தான். ரியூசன் சேர், பைதனோடு சேர்ந்தே வருகிற ஐடில் எடிட்டர் போதும் என்கிறார். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் விஎஸ் கோட் போட்டிருக்கிறார்கள். கனடாவில் வேலை செய்கிற மச்சான், தொடக்கத்திலேயே விம் என்ற எடிட்டரைப் பழகிவிடு, பிறகு கஷ்டமில்லை என்று சொல்லியிருக்கிறார்.

விஎஸ் கோட் போட்டுப் பார்த்தேன். குரோமையும் சேர்த்துத் திறந்தால் லப்டொப் இழுபடுகிறது. அதோடு நான் ஒரு சொல் ரைப் பண்ணவே மிச்ச வரியைச் சாம்பல் நிறத்தில் அதுவே எழுதிக் காட்டுகிறது, எது நான் யோசித்தது எது அது சொன்னது என்று குழம்பிப் போகிறேன். கம்பஸ் போனால் அங்கே வேறொன்று கேட்பார்களோ என்ற பயமும் இருக்கிறது, அதனால் ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நிற்க விருப்பம்.

இன்னொன்று. தமிழ்ப் பெயர்கள் உள்ள ஒரு ரெக்ஸ்ற் ஃபைலை வாசிக்கப் போனால் பிழை வருகிறது, ஐடிலிலும் வருகிறது, விஎஸ் கோடிலும் வருகிறது. எடிட்டரை மாற்றினால் போகுமா?

திருநெல்வேலி அக்கா:

தங்கச்சி, எது பாரம் குறைவு என்பதைப் பிறகு பார்ப்போம். புரோகிராம் பிழையான விடை தரும்போது அது எங்கே பிசகியது என்று எந்த எடிட்டர் கண்ணுக்கு முன் காட்டித் தருகிறதோ, தொடக்கத்தில் அதுதான் வேண்டும். அந்த விஷயத்தில் என் தெரிவு தொன்னி. எஸ்தோனியாவில் தார்த்து பல்கலைக்கழகத்தில் புதிதாகப் படிக்கிறவர்களுக்கென்றே செய்தது, இலவசம், பைதனும் அதற்குள்ளேயே வருகிறது.

வியூ மெனுவில் வேரியபிள்ஸ் என்பதை டிக் பண்ணிவிட்டு ஒரு சின்ன ஃபோர் லூப் எழுதிப் பாருங்கள். கொன்ட்ரோலோடு எஃப்5 அடித்தால் டீபக், அதாவது பிழை தேடுகிற ஓட்டம், தொடங்கும், எஃப்7 அடித்து லூப்புக்குள் நுழைந்த பிறகு எஃப்6 அடிக்க அடிக்க ஒவ்வொரு வரியாக நகரும், ஒவ்வொரு சுற்றிலும் எந்த மாறியின் பெறுமதி என்னவாகிறது என்று பக்கத்திலேயே மாறிக்கொண்டு வரும். ஒரு வரியில் நின்று எஃப்7 அடித்தால் வரிக்குள்ளேயே நுழைந்துவிடும், பெருக்கலை முதலில் செய்ததா கூட்டலை முதலில் செய்ததா என்று துண்டு துண்டாகப் பெறுமதியை இட்டுக் காட்டும். ஒரு ஃபங்ஷன் தன்னைத்தானே அழைக்கிற இடம் வந்தால் ஒவ்வொரு அழைப்புக்கும் தனி ஜன்னல் திறக்கும். மறுநிகழ்வு விளங்காமல் அழுகிற பிள்ளைகளுக்கு இதைக் காட்டினால் முகம் தெளிகிறதைப் பார்த்திருக்கிறேன்.

உயர்தர வினாத்தாளில் கோடைத் தந்து வெளியீடு என்ன என்று கேட்பார்கள் அல்லவா? அதைத் தாளில் கையால் செய்துவிட்டுத் தொன்னியில் படிப்படியாக ஓட்டி ஒப்பிடுங்கள். பரீட்சை மண்டபத்தில் எந்த எடிட்டரும் மிச்ச வரியை எழுதித் தராது, ஆகவே அந்தச் சாம்பல் நிறத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். சேர் சொன்ன ஐடிலும் பிழையில்லை, ஆனால் அதன் டீபகர் புதியவருக்குச் சரியாக விளங்காது.

மானிப்பாய் அண்ணா:

அக்கா சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். தொன்னி பைதனுக்கு மட்டுந்தான். ஐசிரியில் எச்டிஎம்எல், பிஎச்பி எல்லாம் வருமே, அதற்கு வேறொன்று வேண்டும்தானே. நான் வேலையில் பாவிப்பது விஎஸ் கோட், அதை அடியோடு கழற்ற வேண்டாம் தங்கச்சி.

இழுபடுகிறதற்குக் காரணம் இருக்கிறது. மைக்ரோசொஃப்ட் 2015இல் வெளியிட்ட இந்த எடிட்டர் எலெக்ட்ரொன் என்பதன் மேல் கட்டினது, அதாவது உள்ளே குரோமியம் உலாவி ஓடுகிறது. குரோமையும் திறந்தால் 4 ஜிபிக்குள் இரண்டு உலாவி. பாடக்குறிப்பை ஃபோனில் பார்த்துக்கொண்டு குரோமை மூடிவிடுங்கள். எக்ஸ்டென்ஷனில் பைதனை மட்டும் வையுங்கள், யூரியூப்பில் சொல்கிற தீம், ஐகன் எல்லாம் வேண்டாம். சாம்பல் நிறத்தில் எழுதுவது கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவி, அமைப்புகளுக்குள் போய் அந்த வசதிகளை முடக்கலாம்.

முக்கியமான ஒன்று: தனி ஃபைலைத் திறக்காதீர்கள், ஃபோல்டராகத் திறவுங்கள். பைதன் ஃபைலுக்குப் பக்கத்திலேயே டேட்டா ஃபைல் இருக்க, ஃபைல் இல்லை என்று பைதன் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் நீங்கள் மேல் ஃபோல்டரைத் திறந்து வைத்திருப்பதுதான், டெர்மினல் (புரோகிராம் ஓடுகிற கட்டளை ஜன்னல்) அங்கிருந்துதான் தேடும். டாபில் பெயருக்குப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளி நின்றால் இன்னும் சேமிக்கவில்லை என்று அர்த்தம். ஃபைல் மெனுவில் ஓட்டோ சேவ் இருக்கிறது, போட்டுவிடுங்கள்.

கம்பஸ் பயம் வேண்டாம். கிட்ஹப் செய்த அற்றம் எடிட்டரை ஒரு காலத்தில் எத்தனையோ பேர் பாவித்தார்கள், 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள், எல்லாரும் வேறொன்றுக்கு மாறிப் பழையபடி வேலை செய்தார்கள். லூப் எழுதத் தெரிந்த கைக்கு எந்த எடிட்டரும் ஒன்றுதான்.

பருத்தித்துறைக் காற்று:

எச்டிஎம்எல்லுக்கு மட்டும் என்றால் நோட்பாட் பிளஸ் பிளஸ் போதும். 2003இலிருந்து இருக்கிறது, விண்டோஸுக்கு மட்டும், உங்கள் லப்டொப்பில் கண்மூடித் திறக்க முன் திறக்கும். அதில் பைதனும் எழுதுவதென்றால் முதலில் அமைப்புக்குள் போய் டாபுக்குப் பதில் 4 இடைவெளி வரும்படி மாற்றுங்கள். ஒரு வரியில் டாப், அடுத்த வரியில் இடைவெளி என்று கலந்தால் பைதன் 3 ஏற்காது, கண்ணால் பார்க்க இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், அதனால் பிழை எங்கே என்று கண்டுபிடிக்க முடியாமல் பிள்ளைகள் தவிப்பார்கள்.

சுன்னாகம் பெடியன்:

தமிழ் ஃபைல் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். எடிட்டரை மாற்றினாலும் அது போகாது, ஏனென்றால் பிழை வருவது பைதனிடமிருந்து. உங்கள் ஃபைல் யுடிஎஃப்-8இல், அதாவது தமிழ் உட்பட எல்லா மொழிக்கும் பொதுவான குறிமுறையில், சேமித்திருக்கிறது. ஆனால் விண்டோஸில் ஓப்பன் என்று மட்டும் எழுதினால் பைதன் 1252 என்ற பழைய குறிமுறையில் வாசிக்கப் பார்க்கும். நம்முடைய மெய்யெழுத்துப் புள்ளி யுடிஎஃப்-8இல் 3 பைட், கடைசி பைட்டுக்கு அந்தப் பழைய அட்டவணையில் எழுத்தே இல்லை. ஆகவே பெயரில் ஒரு புள்ளி வந்தாலே வாசிப்பு அங்கேயே நின்றுவிடும். புள்ளியே இல்லாத பெயர் என்றால் பெரும்பாலும் பிழை வராமல் விளங்காத எழுத்துகளாகக் கொட்டும்.

தீர்வு சின்னது. ஓப்பன் அடைப்புக்குள் என்கோடிங் சமன் யுடிஎஃப்-8 என்று சேர்த்து எழுதுங்கள், எழுதுகிற ஃபைலுக்கும் அப்படியே. தமிழோடு வேலை செய்கிற நாங்கள் இதைக் கையோடு பழகிவிட வேண்டும், இங்கிலிஷ் ஃபைலில் மட்டும் சோதித்துப் பார்க்கிற புத்தகங்கள் இதைச் சொல்லித் தருவதில்லை.

பைதனைத் தனியாக இறக்கினால், இன்ஸ்டோல் பண்ணுகிற முதல் திரையில் கீழே பாத்தில் (விண்டோஸ் புரோகிராம்களைத் தேடுகிற இடங்களின் பட்டியலில்) சேர்க்கவா என்ற பெட்டி இருந்தால், அதை டிக் பண்ணாமல் போகாதீர்கள்.

அறிவியல்நகர் மாணவன்:

விம் பற்றி. மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதன் மூதாதையான விஐ 1976இல் பில் ஜோய் எழுதியது, இன்றைக்கும் தூரத்து சேர்வருக்குள் நுழைந்தால் கைக்கு அகப்படுவது அதுவாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் பைதனையும் விம்மையும் பழகினால் இரண்டிலும் அரைகுறை. பரீட்சை முடிந்த பிறகு விம்டியூற்றர் என்று ரைப் பண்ணினால் அதுவே சொல்லித்தரும், அரை மணித்தியாலத்துப் பாடம். அதுவரைக்கும் அக்காவின் சொல்லைக் கேளுங்கள்.

கோண்டாவில் மாணவி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. என்கோடிங் சேர்த்ததும் பெயர்கள் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டன! தொன்னியும் போட்டுவிட்டேன், லப்டொப் இழுபடவில்லை. எஃப்7 அடித்துப் பார்த்தபோதுதான் மீதி காண்கிற குறி பெருக்கலோடு சேர்ந்து கூட்டலுக்கு முன் நடக்கிறது என்று விளங்கியது. விஎஸ் கோடை எச்டிஎம்எல்லுக்கு வைத்துக்கொள்கிறேன், கோபைலட்டை முடக்கிவிட்டேன்.

ஒரு சந்தேகம். முன்பே தனியாகப் பைதன் போட்டிருக்கிறேன், தொன்னிக்குள்ளும் ஒன்று இருக்கிறது. இரண்டும் முட்டுமா? ஒன்றைக் கழற்றவா?

திருநெல்வேலி அக்கா:

முட்டாது, இரண்டும் தத்தம் இடத்தில் இருக்கும். ஆனால் ஒன்றில் பிப் (லைப்ரரி இறக்குகிற பைதன் கருவி) மூலம் போட்ட லைப்ரரி மற்றதில் இருக்காது, அதைப் பார்த்துத்தான் பலர் பதறுகிறார்கள். தொன்னியும் பழைய பைதனையே பாவிக்க வேண்டும் என்றால் டூல்ஸ், ஒப்ஷன்ஸ், இன்ரர்பிரெற்றர் என்று போய் அதைத் தெரிவு செய்யுங்கள். உங்கள் பாடத்துக்கு உள்ளே வந்ததே போதும், இப்போதைக்கு ஒன்றையும் கழற்ற வேண்டாம். வரிசைப்படுத்தல் பாடம் வரும்போது பபிள் சோர்ட்டை எஃப்7 அடித்து லூப்புக்குள் நுழைந்து ஓட்டிப் பாருங்கள், விளங்காத வரி இருந்தால் கோடை இங்கேயே போடுங்கள்.