பெரிய வீடு குரூப்பு, சனிக்கிழமை

*காலை*

கவிதா: குட்மார்னிங். இங்க சிங்கப்பூர்ல மணி 9:40, ஊர்ல உங்களுக்கு ஏழே கால் கூட ஆகியிருக்காது. அம்மா 5 மணிக்கே எந்திரிச்சு குளிச்சு புளிசோறு கிளறி டப்பால போட்டு பட்டுப்புடவை கட்டி சோபால ரெடியா உக்காந்திருக்காங்க, நாங்க இன்னும் பல்லு கூட வெளக்கல

செந்தில்: ஊர் சுத்த பட்டுப்புடவையா

அம்மா: பட்டு இல்லடா சில்க் காட்டன். முதல்ல கோயிலுக்குதானே போறோம்

பிரபு: *இந்த மெசேஜ் டெலீட் செய்யப்பட்டது*

செந்தில்: அத்தான் நான் பாத்துட்டேன்

செந்தில்: "9 மணிக்கு பெருசுங்கள வீட்டுல விட்டுட்டு கிளார்க் கீ வந்துடுறேன்டா". குரூப்பு மாறி போட்டுட்டீங்க போல

பிரபு: மச்சான் அது ஆபீஸ் விஷயம்

அம்மா: கிளார்க் கீன்னா என்ன மாப்ள

பிரபு: ஒண்ணுமில்ல அத்தை, ஆத்தங்கரை

அம்மா: ஆத்தங்கரைன்னா நாங்களும் வர்றோம். மன்னார்குடில பாமணியாத்த பாத்தே வளந்தவ நான்

*11:30*

கவிதா: வீரமாகாளியம்மன் கோயில், டேக்கா மார்க்கெட் ரெண்டும் முடிஞ்சுது. எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன்ல தமிழ்ல அறிவிப்பு வந்ததும் அப்பா அப்படியே நின்னுட்டாரு, பின்னாடி வந்த சீனத்து ஆயா அவர் மேல மோதிட்டு அவங்களே சாரி சொல்லிட்டு போறாங்க. ரயிலுக்குள்ள அம்மா முறுக்கு டப்பாவ தொறந்துட்டாங்க, சாப்பிட்டா 500 வெள்ளி, அதான் இந்த ஊர் டாலர், அபராதம்னு தலைக்கு மேலயே போர்டு இருக்கு, நான் பாஞ்சு புடுங்குனேன்

அப்பா: 500 வெள்ளின்னா நம்ம காசுக்கு 30 ஆயிரத்துக்கு மேல

அம்மா: ஒரே ஒரு முறுக்குங்க

செந்தில்: தங்கம் கூட அந்த வெலை இல்ல

சரோஜா அத்தை: தம்பி சுந்தரம் நம்ம அப்பா வேலை பாத்த எடம் போனீங்களா கமா நான் பேசுனா இது தானா எழுதுது பேரன் போட்டு குடுத்தான் கமா தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க

கவிதா: சாயங்காலம் போறோம் அத்தை. கமான்னு நீங்க சொல்ல வேண்டாம்

சரோஜா அத்தை: சரி புள்ளி

*மதியம்*

கவிதா: [போட்டோ] இது எந்த ஊருன்னு சொல்லுங்க பாப்போம்

செந்தில்: நாகூரா? ஏன் ரோட்டுல குப்பையே இல்ல

கவிதா: தெலோக் ஆயர் தெருடா. நாகூர் தர்காதான், இங்க 1828லேந்து 1830 வரைக்கும் கட்டுனது, ஊர்ல இருக்குற மாதிரியே மினாரா. இப்போ உள்ள இந்திய முஸ்லிம் மரபு மையம் இருக்கு. அப்போ கடல் இந்த தெரு வாசல் வரைக்கும் இருந்துச்சாம், கரைய தூத்துத்தூத்து இப்போ கடல் எங்கயோ போயிடுச்சு, சுத்தி பேங்க் பில்டிங்கா நிக்குது. பக்கத்துலயே சீனர் கோயில். இதுக்கு முன்னாடி சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் போனோம், 1827ல ஆரம்பிச்சது, இந்த ஊர்லயே பழைய இந்துக் கோயில். ஆனா அது இருக்குறது சைனாடவுன் நடுவுல, அப்பாவுக்கு அது மட்டும் இன்னும் புரியல

சரோஜா அத்தை: நாகூராரு அங்கயும் இருக்காரா. அப்பா கப்பல் ஏறுறப்பல்லாம் எங்க அம்மா நாகூருக்கு போயி சக்கரை வச்சு பாத்தியா ஓதிட்டுதான் வருவாங்க. எனக்கும் சேத்து கும்புட்டுக்க தம்பி

அப்பா: கும்பிட்டேன் அக்கா

*மாலை*

கவிதா: இப்போ பினக்கிள் டக்ஸ்டன் 50வது மாடில நிக்கிறோம். இது ஹோட்டல் இல்ல, நம்ம ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி கவர்மெண்ட் கட்டுன வீடு, ஏழு பிளாக்கையும் மேல பாலம் போட்டு சேத்திருக்காங்க, ஆளுக்கு 6 வெள்ளி. கீழ தெரியுறதுதான் தஞ்சோங் பகார். [போட்டோ] [போட்டோ]

செந்தில்: ஹவுசிங் போர்டுக்கு 50 மாடியா, நம்ம ஊர்ல மூணாவது மாடிக்கே தண்ணி ஏறாது

அப்பா: அக்கா இதான். அப்பா இருந்த துறைமுகம், ஆர்பர்

சரோஜா அத்தை: மூட்டை தூக்குன எடமா

அப்பா: ஆமா. ஆனா அப்போ இருந்தது ஒண்ணும் இல்ல. கிரேன் தெரியுது, ஆள் யாரும் தெரியல. துறைமுகத்தையே கொஞ்சம் கொஞ்சமா துவாஸ் பக்கம் மாத்திக்கிட்டு இருக்காங்களாம், மாப்ள சொன்னாரு. கீழ தெருவுல பாத்தா கொரியாக்காரன் கறி சுட்டு விக்கிற கடையும் பாரும்தான் வரிசையா இருக்கு

சரோஜா அத்தை: அந்த பேரு இன்னொரு தடவ சொல்லு

அப்பா: தஞ்சோங் பகார்

சரோஜா அத்தை: அதான் அதான். எனக்கு அப்போ ஆறு ஏழு வயசு இருக்கும், அப்பா எங்கன்னு கேட்டா அம்மா தஞ்சம் பகார் தஞ்சம் பகார்னு சொல்லுவாங்க, எனக்கு அது தஞ்சாவூர் பக்கம்னுதான் காதுல விழுந்துச்சு. தஞ்சாவூர் பக்கம்தானே இருக்காரு, மன்னார்குடிலேந்து ஒரு பஸ்ஸுதானே, தீவாளிக்கு கூட வரமாட்டாரான்னு அழுதுகிட்டு கெடந்தேன். அம்மா எதுக்கு சிரிக்கிறாங்கன்னு அப்போ தெரியல. பின்னாடி ரஜூலா கப்பல்ல வந்தப்பதான் தெரிஞ்சுது அது வேற தஞ்சாவூர்னு. நாகப்பட்டினத்துல கப்பல் நடுக்கடல்ல நிக்கும், படகுல இறக்கி கரைக்கு கொண்டாருவாங்க, அதுல எங்கப்பா யாருன்னே எனக்கு அடையாளம் தெரியல

செந்தில்: அத்தை இத இத்தன வருசமா சொல்லவே இல்லையே

சரோஜா அத்தை: கேட்டாதானே சொல்றது

அம்மா: அண்ணி உங்க தம்பி கம்பிய புடிச்சுகிட்டு அரை மணி நேரமா நிக்கிறாரு. காத்து அடிக்குது, நான் துண்டு கொண்டாரல

*இரவு*

கவிதா: லாவ் பா சாட் வந்தாச்சு, 1894ல இரும்பு தூண்ல கட்டுன மார்க்கெட்டு, எட்டு மூலை. பக்கத்து தெருவ அடைச்சு ரோட்டுலயே டேபிள் போட்டு சாத்தே சுட்டு தர்றாங்க, புகை மண்டிப்போச்சு. அப்பா 14 குச்சி

சரோஜா அத்தை: சட்டையா தின்னீங்க

கவிதா: சாத்தே அத்தை, உங்க போன் சட்டைனு எழுதுது. கறிய குச்சில குத்தி சுடுறது, கடலை சாறு தொட்டுக்க

சரோஜா அத்தை: சனிக்கிழமையும் அதுவுமா

அம்மா: அண்ணி பெருமாள் சத்தியமா நான் தொடல. புளிசோறுதான். உங்க தம்பிய கேளுங்க

அப்பா: நான் ஆட்டுக்கறி 4 தான், மீதி கோழி

செந்தில்: அது வேற கணக்குல வருமாப்பா

கவிதா: கார்டன்ஸ் பை த பே 8:45 லைட் ஷோவும் பாத்தாச்சு. இரும்பு மரம் எல்லாம் பாட்டுக்கு கலர் மாறுது, ஃப்ரீ. எல்லாரும் தரைல மல்லாக்க படுத்து பாக்குறாங்க, அம்மாவும் படுத்துட்டாங்க, எழுப்பத்தான் மூணு பேர் தேவைப்பட்டோம். வீடியோ நாளைக்கு அனுப்புறேன், சைஸ் பெருசு

கவிதா: முட்டி வலிக்குதே வீட்டுக்கு போலாமான்னு கேட்டேன், ஆத்தங்கரை எப்போன்னு கேக்குறாங்க

செந்தில்: அத்தான் நெலமைய நெனச்சா பாவமா இருக்கு

பிரபு: ஆண்டவன் விட்ட வழி மச்சான்

*10:50*

கவிதா: கிளார்க் கீ லைவ் அப்டேட். அந்த காலத்துல ஆத்துல படகுல சரக்கு வந்து இறங்குற கிட்டங்கி எல்லாம் இப்போ பாரு, டான்ஸ் கிளப்பு. இவரு ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் வெளில டேபிள்ல உக்காந்திருந்தாங்க, சில்க் காட்டன் புடவைல அம்மாவ பாத்ததும் நாலு கிளாசும் டேபிளுக்கு அடில போயிடுச்சு. அம்மா போயி பக்கத்துல உக்காந்து, எடுத்து வச்சு குடிங்க தம்பிங்களா, கீழ வச்சா காலு பட்டு கொட்டிடும், ஒண்ணு என்ன வெலைன்னு கேட்டாங்க. 18 வெள்ளின்னான் ஒருத்தன். அப்பா போன எடுத்து கணக்கு போட்டு ஆயிரம் ரூபாய்க்கு மேலன்னு சத்தமா படிச்சாரு பாரு, அதுக்கப்பறம் எவனும் ரெண்டாவது ஆர்டர் பண்ணல

செந்தில்: வெளில கடைல வாங்கி ஆத்தங்கரைல உக்காந்து அடிக்க வேண்டியதுதானே

பிரபு: 10:30க்கு மேல கடைல விக்க மாட்டான் மச்சான், ரோட்டுல பாலத்துல உக்காந்து குடிக்கவும் கூடாது, காலைல 7 மணி வரைக்கும். கேஸ் ஆயிடும்

அப்பா: இந்த சட்டம் நல்ல சட்டம்

அம்மா: அண்ணி இங்க ஒரே சத்தம், நெஞ்சு அதிருது, ஆனா ஒண்ணு சொல்றேன், 20 வயசு புள்ளைங்க குட்டை பாவாடைய போட்டுகிட்டு ராத்திரி 11 மணிக்கு தனியா நடந்து போகுதுங்க, ஒருத்தனும் திரும்பி பாக்கல. நம்ம பஸ் ஸ்டாண்டுல 9 மணிக்கு இந்த வயசுல நான் நிக்கவே யோசிக்கிறேன்

சரோஜா அத்தை: குட்டை பாவாடை போட்டோ வேண்டாம் ஆத்த காட்டு

அம்மா: [போட்டோ]

சரோஜா அத்தை: தண்ணி நெறைய இருக்கே. யாரு தொறந்து விட்டது

செந்தில்: மேட்டூர்லேந்துதான் அத்தை

*1:20*

கவிதா: யாராவது முழிச்சிருக்கீங்களா. பேண்டு பாட்ட பாதில விட்டு எப்படி வர்றதுன்னு அம்மா எந்திரிக்கல, கடைசி ரயில் போயிடுச்சு. டாக்சில 12 மணிக்கு மேல மீட்டர்ல பாதி கூடன்னு தெரிஞ்சதும் அப்பா நடந்தே போலாம்ங்குறாரு, வீடு செங்காங், விடிஞ்சிடும். இப்போ பிராட்டா கடைல உக்காந்திருக்கோம்

செந்தில்: இங்க பத்தே முக்கால்தான்க்கா ஆகுது. பிராட்டான்னா புரோட்டாவா

கவிதா: அதேதான், ஆனா சால்னா இல்ல மீன்கறி. அப்பா சுகருக்கு தே சி கொசொங் சொல்லக் கத்துகிட்டாரு, பால் ஊத்தி சக்கரை இல்லாத டீ. கடைக்காரர் மலாய்ல பதில் சொல்லவும் இவர் தமிழ்ல கேக்க, அவர் சிரிச்சுகிட்டே ஐயா நான் ஒரத்தநாடுங்குறாரு

அப்பா: பேசிப் பாத்தா அவங்க தாத்தாவும் ஆர்பர்லதான் வேலை. டீக்கு காசு வாங்கல

அம்மா: புரோட்டாவுக்கு வாங்கிட்டாரு

சரோஜா அத்தை: நான் தூங்கல தம்பி. வரும்போது கோடாலி தைலம் ஆறு பாட்டில் வாங்கிட்டு வா, அப்பா பொட்டிய தொறந்தா அந்த வாசனைதான் முதல்ல வரும். சின்ன பாட்டில் வேண்டாம்

அப்பா: சரி அக்கா

சரோஜா அத்தை: அப்பறம் அந்த தஞ்சாவூர் பக்கம் போட்டோவ இன்னொரு தடவ அனுப்பு, சாயங்காலம் கண்ணாடி இல்லாம பாத்தேன்

அப்பா: [போட்டோ]

சரோஜா அத்தை: கிரேனுக்கு இந்த பக்கமா அந்த பக்கமா