திரிகடுகம் எந்தத் தட்டில் போகும்?

புதுவாசகி:
தாத்தாவின் புத்தகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருக்கிறேன். மருத்துவம், புராணம், சமயம், இலக்கியம் என்று நாலு தட்டு ஒதுக்கினேன், முதல் நாளே மாட்டிக்கொண்டேன். திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம் மூன்றையும் பெயரைப் பார்த்து மருத்துவத் தட்டில் வைத்துவிட்டேன், அம்மா பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. பிரித்துப் பார்த்தால் கஷாயம் ஒன்றும் இல்லை, எப்படி வாழணும் என்று புத்திமதிதான். ஆனால் திருக்குறளில் மருந்து என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, கம்பராமாயணத்தில் மருந்து மலை வருகிறது. அப்போ எதை எங்கே வைப்பது? நான் படிப்பது நர்சிங், இலக்கியம் பள்ளியோடு சரி. இந்த நாலும் கலந்து வருகிற நூல்களில் எதை முதலில் எடுக்கலாம்? "எல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது" வகை வேண்டாம், அது குடும்பக் குழுவில் தினமும் வருகிறது.

சுக்குமிளகு:
அம்மா சிரித்தது நியாயம்தான், ஆனால் நீங்கள் செய்ததும் முழுத் தப்பில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தால் திரிகடுகம். அதனால் அந்த நூலில் ஒவ்வொரு வெண்பாவிலும் மூன்று செய்தி. சிறுபஞ்சமூலத்தில் ஐந்து வேர் போல ஐந்து, ஏலாதியில் ஆறு. இலக்கியத் தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

குறளில் 95ஆவது அதிகாரத்தை முதலில் படியுங்கள். மருந்து என்று தலைப்பு, பத்துக் குறளில் ஒரு மூலிகைப் பெயர் கிடையாது! ஆறு குறள் சாப்பாட்டைப் பற்றியே, முன்னால் தின்றது செரித்த பிறகு தின்றால் உடம்புக்கு மருந்தே தேவையில்லை என்கிறார். உங்களுக்கானது கடைசிக் குறள். நோயாளி, மருத்துவர், மருந்து, அப்புறம் "உழைச்செல்வான்", அதாவது பக்கத்தில் இருந்து மருந்து கொடுத்துக் கவனிப்பவர், இந்த நாலும் சேர்ந்ததுதான் மருத்துவம். சரக சங்கிதை என்ற பழைய ஆயுர்வேத நூலிலும் இதே நாலும்தான் வருகின்றன. உங்கள் வேலை இரண்டு நூலிலும் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லுங்கள்.

பழைய ஏடு:
நான் வேறு வழி சொல்வேன். மருத்துவம் தேடுகிறவர்கள் கதையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், பார்க்க வேண்டியது உவமையை. அனுமன் மலையைத் தூக்கி வந்தான் என்பதை வைத்து அந்தக் கால மருத்துவம் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது, கேட்கிறவன் வியக்கத்தானே அது. ஆனால் உவமை அப்படியில்லை, கேட்பவனுக்கு ஏற்கெனவே தெரிந்த பொருளாக இருந்தால்தான் எடுபடும். சங்க நூலான பதிற்றுப்பத்தில் 42ஆம் பாட்டைப் பாருங்கள். மீனுக்காகக் குளத்தில் மூழ்கி மேலே எழுகிற மீன்கொத்தி மாதிரி, வீரனின் மார்புப் புண்ணில் வெள்ளை ஊசி உள்ளே போய் வெளியே வருகிறது. "சிரல்பெயர்ந் தன்ன நெடுவெள் ளூசி". காயத்தைத் தைப்பதைக் கண்ணால் பார்க்காதவன் இப்படி எழுத மாட்டான்.

அடுத்து குலசேகர ஆழ்வார். "வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால் மாளாத காதல் நோயாளன்போல்" என்று பெருமாளிடம் பாடுகிறார். பாட்டு பக்தி, உவமை அறுவைச் சிகிச்சை. கம்பரும் கும்பகருணன் வதைப் படலத்தில் "உடலிடைத் தோன்றிற்று ஒன்றை அறுத்து அதன் உதிரம் ஊற்றி", பிறகு சுட்டு மருந்து வைத்துத் தீர்ப்பதைச் சொல்கிறார். அறுப்பது, சுடுவது என்று இருவரிடமும் ஒரே வரிசை வருவதைக் கவனியுங்கள். எந்தத் தட்டு என்று என்னைக் கேட்டால் பதில் இல்லை, என் வீட்டில் எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

கடல்கடைந்தவன்:
பழைய ஏடு சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன், புராணத்தை இப்படி ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். பாற்கடலைக் கடைந்தபோது அமுதக் கலசத்தோடு வந்தவர் தன்வந்தரி. அறுவைச் சிகிச்சைக்குப் பேர்போன பழைய ஆயுர்வேத நூலான சுசுருத சங்கிதை, அவரே காசி அரசர் திவோதாசராக இருந்து பாடம் சொல்வதாகத்தான் தொடங்குகிறது. தொடக்கம் புராணம், சரி. ஆனால் அதே நூலில் பிணத்தை ஓடும் நீரில் ஏழு இரவு ஊற வைத்து, தோலிலிருந்து அடுக்கடுக்காகச் சுரண்டிப் பார்த்து உடலைக் கற்கச் சொல்லியிருக்கிறது. கிரேக்கத்திலும் இதே கதைதான். பழைய கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரில் உள்ள மருத்துவர் உறுதிமொழி அப்பல்லோ, அஸ்கிலிபியஸ் என்ற மருத்துவத் தெய்வங்கள் மேல் ஆணையிட்டுத் தொடங்கும், அதே தொகுப்பில் இருக்கும் இன்னொரு நூல் வலிப்பு நோய் மற்ற நோய்களைவிட எந்த விதத்திலும் தெய்வீகமானதில்லை என்று வாதாடும். ஹோமரின் போர்க் காவியமான இலியத்தில் நாலாவது பகுதியையும் பாருங்கள், அம்பு பட்ட மெனலாவோசுக்கு மருந்து வைக்கிற மக்காவோன் அஸ்கிலிபியசின் மகன். சாமி கும்பிட்டுக்கொண்டேதான் உடம்பையும் பார்த்திருக்கிறார்கள், நாலு தட்டு நாம் போட்டது.

சுக்குமிளகு:
ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. தாத்தா பெட்டியில் சித்தர் வைத்திய நூல்கள் இருந்தால் படிக்க மட்டும் படியுங்கள். பாட்டு அழகாக இருக்கும், ஆனால் பாதரசம், பாஷாணம் எல்லாம் வரும், சொற்களும் பாதி மறைபொருள். வீட்டில் செய்து பார்க்கிற ஆசை யாருக்கும் வர வேண்டாம்.

புதுவாசகி:
எல்லாருக்கும் நன்றி. "உழைச்செல்வான்" குறளை அம்மாவிடம் படித்துக் காட்டினேன், அப்படியானால் முதலில் பாட்டிக்கு எட்டு மணி மாத்திரையைக் கொடு என்றார். ஆழ்வார் பாட்டை இன்றைக்கே தேடி எடுத்துவிட்டேன், மீன்கொத்தி நாளைக்கு. திரிகடுகம் கோஷ்டி இலக்கியத்துக்குப் போய்விட்டது. மருத்துவத் தட்டில் இப்போது மிஞ்சியது நாலே புத்தகம், அதிலும் ஒன்று மாட்டு வைத்தியம்.