ஜப்பானில் வேலை விசாவில் இருப்பவர் வார இறுதியில் வேறு வேலை பார்க்கலாமா?

கேள்வி:
வணக்கம். டோக்கியோவில் மென்பொருள் பொறியாளராக வேலை செய்கிறேன். என் விசா ‘பொறியியல், மனிதவியல் அறிவு, பன்னாட்டுச் சேவை’ என்ற பிரிவைச் சேர்ந்தது. வேறொரு சிறு நிறுவனம், தனது செயலியைச் சனிக்கிழமைகளில் பராமரித்துத் தருமாறு கேட்கிறது. நண்பர் ஒருவரோ, வாரத்துக்கு 28 மணி நேரம் வரை எந்த வேலையும் செய்யலாம், சைக்கிளில் உணவு விநியோகம் செய்தால் கையில் உடனே காசு என்கிறார். எது சரி?

பதில் 1:
அந்த 28 மணி நேரக் கணக்கு, படிக்க வந்தவர்களும் குடும்ப விசாவில் இருப்பவர்களும் பெறும் பொது அனுமதிக்கு உரியது, உங்களுக்குப் பொருந்தாது. (இந்தக் குழப்பம் ஏனோ ஓய்வதேயில்லை.) உங்கள் விசாவில் பார்க்கப்படுவது வேலையின் தன்மைதான். செயலியைப் பராமரிப்பது இப்போதைய தொழிலின் எல்லைக்குள் வருவதால், அதற்குக் குடிவரவுத் துறையின் தனி அனுமதி தேவையில்லை. உணவு விநியோகம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. தனிப்பயிற்சி தேவைப்படாத உடலுழைப்பு என்பதால், விண்ணப்பித்தாலும் அனுமதி கிடைக்காது. அனுமதியின்றிச் செய்து அகப்பட்டால், தண்டனை ஒருபுறமிருக்க, அடுத்த விசா நீட்டிப்பே சிக்கலாகிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி ஐயா. அரசு நடுநிலைப் பள்ளியில் ஆங்கில உதவி ஆசிரியராகப் போவதாக இருந்தால்?

பதில் 1:
அது ‘கல்வி’ என்ற வேறு விசாப் பிரிவு. எனவே வேலையைத் தொடங்கும் முன்பே, நீங்கள் வசிக்கும் பகுதிக்குரிய குடிவரவு அலுவலகத்தில், தகுதிக்குப் புறம்பான செயல்பாட்டுக்கான அனுமதியைக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் முதன்மை வேலைக்கு இடையூறு வராது என்பது விண்ணப்பத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். அனுமதி கிடைத்தால் வசிப்பு அட்டையின் பின்புறத்தில் பதிவார்கள்.

பதில் 2:
விசா இடம் கொடுத்தாலும் உங்கள் நிறுவனத்தின் பணி விதிகளையும் படித்துப் பாருங்கள். தொழிலாளர் நல அமைச்சகம் 2018-இல் தன் மாதிரி விதிகளிலிருந்து பக்கவேலைத் தடையை நீக்கிவிட்டது. இருந்தாலும், முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று கேட்கும் நிறுவனங்கள் உண்டு. சம்பளம் ஓரிடத்தில் மட்டும் வாங்குபவருக்கு, செலவு போகப் பிற வருமானம் ஆண்டுக்கு 2 லட்சம் யென்னைத் தாண்டினால், மறு ஆண்டு மார்ச் 15-க்குள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குக் குறைந்தாலும், குடியிருப்பு வரிக்காக நகராட்சியிடம் தெரிவித்தாக வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். செயலிப் பணியை ஒப்பந்த அடிப்படையில் செய்தால், அந்த வருமானத்துக்கான குடியிருப்பு வரியைச் சம்பளத்தில் பிடிக்காமல் நேரடியாகச் செலுத்தும் வழியை, தாக்கல் படிவத்திலேயே நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.