ஈசி சரியாக் காட்டுது, லெட்டியூஸ் மட்டும் மஞ்சளாகுது

கல்லடியான்:
கல்லடியில வீட்டு சிலாப்புக்கு மேல பைப் போட்டு, மண்ணில்லாம பசளை கரைச்ச தண்ணியில லெட்டியூஸ் வளக்கிறன். ஈசி சென்சர் (தண்ணியில கரைஞ்ச உப்பைப் பாக்கிறது), பிஎச் சென்சர் (புளிப்பைப் பாக்கிறது), ஏ, பி எண்ட ரெண்டு பசளைக் கரைசலுக்கும் ஒவ்வொரு பம்ப், எல்லாம் ஆர்டுயினோ எண்ட சின்னக் கணினிப் பலகையிலதான் ஓடுது, ஈசி 1.4க்குக் கீழ இறங்கினா பம்ப் ஓடணும். முதல்ல நல்லா ஓடிச்சு, இப்ப ஓடுறதே இல்ல. ரீடிங் 1.4, 1.5 எண்டு அசையாம நிக்குது, ஆனா அடி இலை மஞ்சளாகி ஓரம் கருகுது. காலிபிரேட் பண்ணியும் பாத்தாச்சு. தண்ணி குறையக் குறைய மிதவை வால்வால கிணத்துத் தண்ணி தானா வரும். நல்ல சென்சரா ஒண்டு வாங்கணுமா?

ஏறாவூர்த் தோட்டம்:
சென்சர்ல பிழையில்ல தம்பி. அத வெறும் கிணத்துத் தண்ணியில முக்கிப் பாருங்க முதல்ல. கடலுக்கும் வாவிக்கும் நடுவில இரிக்கிற மணல் கிணறு அது. ஈசி எண்டா தண்ணியில கரைஞ்சு கிடக்கிற உப்பு எல்லாத்தையும் சேத்துத்தான் அளக்கும், பசளையா கறியுப்பா எண்டு அதுக்குத் தெரியாது. செடி நைட்ரேட்டையும் பொட்டாசியத்தையும் உறிஞ்சிரும், சோடியத்தையும் குளோரைடையும் பெரும்பாலும் விட்டுரும், குறைஞ்சதுக்கு மறுகா கிணத்துத் தண்ணி, மறுகா உப்பு. பசளை குறைய உப்புக் கூட, ரீடிங் அதே இடத்தில. டோசர், அதான் பசளை ஊத்துற பம்ப், வயிறு நிறைஞ்ச மாதிரிச் சும்மா கிடக்கு.

டாங்கியக் கொட்டிட்டு பைப் தண்ணியில கலக்குங்க, அது உன்னிச்சைக் குளத்துத் தண்ணி, பரவாயில்ல, குளோரின் போக ஒரு நாள் திறந்து வைங்க. மாரியில மழைத்தண்ணி பிடிச்சு வைக்க ஏலுமெண்டா அதுதான் எல்லாத்திலயும் நல்லது. கொட்டுற தண்ணிய தென்னைக்கு விடுங்க, அது தாங்கும்.

கல்முனை வயரிங்:
ரெண்டு சென்சரும் ஒரே டாங்கியிலயா? ஈசி வேலை செய்யிற நேரம் பிஎச் ரீடிங் பிசகும், ஒண்ட ஓஃப் பண்ணிட்டு மத்தத வாசிங்க, இல்லாட்டி ரெண்டையும் மின்சாரத்தில பிரிக்கிற ஐசொலேட்டர் போடுங்க. பம்ப் ரெண்டு மூணு செக்கன் ஓடினாக் காணும், பத்துப் பதினைஞ்சு நிமிஷம் கலக்க விட்டுத்தான் திரும்ப வாசிக்கணும், உடனே வாசிச்சா இன்னும் காணாதெண்டு ஊத்திக்கிட்டே இரிக்கும். ஏயும் பியும் ஒண்டா இறக்க வேணாம், கல்சியமும் சல்பேட்டும் கெட்டியாச் சந்திச்சா வெள்ளையாப் படிஞ்சிரும். பம்ப ஓன் ஓஃப் பண்ணுற ரிலே எப்பயாவது ஒட்டிக்கும், அப்ப முழுப் போத்தலும் இறங்கும், அதனால ஒரு கிழமைக்கு வேணுங்கிறதுக்கு மேல போத்தல்ல ஊத்தி வைக்காதீங்க. கோட்ல என்ன எழுதினாலும் இதுதான் மெய்யான பாதுகாப்பு.

கல்லடியான்:
வெறும் கிணத்துத் தண்ணியே 0.9 காட்டுது!! அப்ப புதுசாக் கலக்கின அண்டைக்கே பசளை 0.5தான். பம்ப் ஓடத் தொடங்கிற அளவ (செட் பொயின்ட) 1.4ல இருந்து 2.3 ஆக்கினா கிணத்துத் தண்ணியிலயே சமாளிக்கலாம்தானே நானா?

கல்முனை வயரிங்:
வேணாம். 2.3 லெட்டியூஸுக்குக் கூட, இந்த வெயில்ல இன்னும் மோசம். உப்பும் நிக்காம ஏறிக்கிட்டேதான் இரிக்கும், அடுத்த மாசம் 3 ஆக்கட்டா எண்டு கேப்பீங்க. முதல்ல அந்த மிதவை வால்வக் கிணத்து லைன்ல இருந்து கழட்டுங்க.